குஷன்காரர் வெள்ளை வண்டியைப் புகழ்ந்த கதை

இனிமேல் இந்த வீட்டில் ஒரே ஒரு பொருளாவது தன் இஷ்டப்படிதான் வாங்கப்படும் என்று ஒரு வியாழக்கிழமை காலையில் குஷன்காரர் சபதம் செய்தார். அப்போது அவர் வாயில் ஆறு ஆணிகள் இருந்தன. அதனால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்காத சபதத்துக்கு எதிர்ப்பும் இல்லை. பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஏகமனதாக நிறைவேறிய அவருடைய முதல் தீர்மானம் அதுதான்.

சோபா தைப்பவர்களுக்கு வாயில் ஆணி வைக்கும் பழக்கம் உண்டு. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும். மறு கையில் சுத்தியல். ஆணிக்கு வாயை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. தினமும் எட்டு மணி நேரம் இவர் வாயைத் திறக்க முடியாது என்பதுதான் தங்கள் குடும்ப ஒற்றுமைக்குக் காரணம் என்று அவர் மனைவி வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வாள்.

துணி வெட்டுவது, மெஷினில் தைப்பது, விலை சொல்வது, சொன்ன விலையிலிருந்து இறங்காமல் நிற்பது எல்லாம் அவள் வேலை. ஆணி அடிப்பது இவர் வேலை. அவளை எல்லோரும் முதலாளியம்மா என்பார்கள். இவரைக் குஷன்காரர் என்பார்கள். இவர் சட்டையின் நிறம், மூக்குக் கண்ணாடியின் பிரேம், தலைமுடியின் நீளம் எல்லாம் அவள் தீர்மானித்ததுதான். கையிலிருந்த சுத்தியல்கூட அவள் பார்த்து வாங்கியது. சுத்தியல் அருமையாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

சபதத்துக்குக் காரணம் ஒரு வண்டி. சோபாக்களைக் கொண்டுபோய்க் கொடுக்க அவர்களிடம் ஒரு பழைய மூன்று சக்கர வண்டி இருந்தது. போன வாரம் அது ஒரு பல் டாக்டரின் சோபாவோடு நடுரோட்டில் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதிதாக ஒரு குட்டி பிக்கப் வாங்குவது என்று வீட்டில் முடிவாயிற்று. எந்தப் பிக்கப் என்பதுதான் பாக்கி.

திங்கட்கிழமையே குஷன்காரர் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஷோரூமுக்குப் போய்வந்திருந்தார். அங்கே மூன்று பிக்கப் நின்றன. வெள்ளை, சாம்பல், சிவப்பு. வெள்ளை வண்டி மாடு மாதிரி உழைக்கும். முன்னால் இரண்டே சீட்டு, பின்னால் எட்டடி நீளத்துக்குச் சாமான் ஏற்றும் பாடி. சாம்பல் வண்டி எல்லாவற்றிலும் நடுத்தரம். அதைப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. சிவப்பு வண்டிக்கு நாலு கதவு, ஐந்து சீட்டு, ஏசி, பாட்டு, பின்னால் வருவதைக் காட்டும் கேமரா. பாடி மட்டும் ஐந்தடிதான்.

சிவப்பு வண்டியில் சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்போம் என்று ஏறியவர் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் இறங்கினார். கதவைச் சாத்தியதும் உலகமே வாயை மூடிக்கொண்டது. பழைய வண்டியில் பதினாறு வருஷமாக அவரும் மனைவியும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசியிருக்கிறார்கள். “தண்ணி வேணுமா?” என்று அவள் கேட்பதுகூட ரோட்டில் போகிறவர்களுக்குச் சண்டை மாதிரிக் கேட்கும். இந்த வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசலாம். மகள் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடுக்க வேண்டிய சோபா எதுவும் இல்லாமல், எங்கேயாவது போகலாம். இதை நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. ஏசி காற்று பட்டது என்று சேல்ஸ்மேனிடம் சொல்லிச் சமாளித்தார்.

ஆனால் சிவப்பு வேண்டும் என்று வீட்டில் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் வேண்டாம் என்பாள். அவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். வாயிலிருந்த ஆணிகளைத் துப்பிவிட்டு யோசனை கேட்கப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

பக்கத்துக் கடை பஞ்சர்காரருக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதனால் அந்தத் துறையில் தன்னை ஒரு நிபுணர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ரகசியத்தைக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“பொண்டாட்டிகிட்ட எது வேணுமோ அதைக் கேக்கவே கூடாது!” என்றார் பஞ்சர்காரர்.

“என்னது?”

“கேக்கக் கூடாதுங்கறேன்! உனக்குச் சிவப்பு வேணுமா?”

“ஆமா!”

“அப்போ வெள்ளையைப் புகழு! வெள்ளை வெள்ளைன்னு உசிரை விடு! நீ எதைச் சொன்னாலும் அவங்க எதிர்த்துத்தானே பேசுவாங்க?”

“ஆமா!”

“அப்போ அவங்களே சிவப்புதான்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க! நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுகிட்டுச் சரின்னுடு! அப்புறம்...”

இந்த இடத்தில் கம்ப்ரஸர் நின்றது. பஞ்சர்காரரின் குரல் நிற்கவில்லை.

“...சிவப்பு வண்டியில ஏறி உக்காந்து உள்ளுக்குள்ள சிரிச்சுக்கோ!”

தெருவே கேட்டது. ஒரு நாய் திரும்பிப் பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. நூல் அறுந்திருக்கும், கோத்திருப்பாள் என்று குஷன்காரர் நினைத்துக்கொண்டார்.

“உங்க வீட்ல இந்த முறை பலிச்சுதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“போன வருஷம் எனக்குப் பெரிய டிவி ஒண்ணு வேணும்னு ஆசை. டிவியே வேண்டாம்னு சொன்னேன்.”

“வாங்கினாங்களா?”

“இல்லை. ஆனா கொள்கை சரியானதுதான்.”

குஷன்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது.

துணி வெட்டும்போது அளவுக்கு வைக்கும் பழுப்புத் தாளில், தையல் சாக்கட்டியால் கட்டம் போட்டு, மூன்று வண்டிகளையும் எழுதினார். எத்தனை கிலோ தாங்கும், என்னென்ன வசதி, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று மூன்று வரிசை. வெள்ளைக்கு எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து. சிவப்புக்கு நாலு போடுவதற்குள் சாக்கட்டி இரண்டாக உடைந்தது. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு மனைவி முன்னால் அதை விரித்தார்.

“இங்க பாரு. மூணு வண்டியையும் அலசி ஆராய்ஞ்சுட்டேன். என் மனசுக்குப் பிடிச்சது வெள்ளைதான்.”

“அப்படியா?”

“ஆயிரத்து இருநூறு கிலோ தாங்கும். சாம்பல் எண்ணூத்தம்பது. சிவப்பு வெறும் அறுநூத்தம்பது.”

“நம்ம மூணு சீட்டு சோபா எவ்வளவு எடை இருக்கும்?”

“அறுபது கிலோ.”

இது அவர் வேண்டுமென்றே வெட்டி வைத்த குழி. அறுபது கிலோ சோபாவுக்கு எதற்கு ஆயிரத்து இருநூறு கிலோ தாங்குகிற வண்டி என்று அவள் பாய்வாள் என்று காத்திருந்தார். அவள் விரல் விட்டு எண்ணினாள். முகம் மலர்ந்தது.

“அப்போ ஒரே நடையில இருபது சோபா ஏத்தலாம்!”

“இருபதா? ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா மூணு மாடி உயரம் வருமே!”

“கயிறு கட்டிக்கலாம்.”

குஷன்காரர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அடுத்த வரிசைக்குப் போனார்.

“வசதின்னு பார்த்தா வெள்ளையில ஒண்ணுமே கிடையாது. ஏசி கிடையாது. பாட்டு கிடையாது. கண்ணாடியை இறக்கணும்னா கையால சுத்தணும். எனக்கு அதான் பிடிச்சிருக்கு.”

“நல்லதாப் போச்சு. தோள்பட்டைக்குப் பயிற்சி வேணும்னு டாக்டர் சொன்னாரே.”

“பின்னாடி பார்க்கக் கேமராகூட இல்லை!”

“நான் இறங்கி நின்னு வரலாம் வரலாம்னு சொல்ல மாட்டேனா? இத்தனை வருஷமா வேற என்ன பண்றேன்?”

கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பதினாறு வருஷத்தில் ‘உங்க அண்ணன்’ என்று அவர் ஆரம்பித்த எந்தப் பேச்சும் அரை மணி நேரத்துக்குள் முடிந்ததில்லை.

“ரெண்டே சீட்டு. உங்க அண்ணன் குடும்பம் வந்தா யாரையும் ஏத்த முடியாது. அதை நினைச்சாலே எனக்கு ஆனந்தமா இருக்கு.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் வெடிக்கவில்லை. திறந்து பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அண்ணனுக்கும் சந்தோஷம்தான். மாப்பிள்ளை ஓட்டுற வண்டியில ஏறுறதுக்கு நடந்தே வந்துடலாம்னு அவர் எத்தனை தடவை சொல்லியிருக்காரு!”

பிறகு தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. எப்பவும் என் இஷ்டப்படியேதான் எல்லாம் நடக்குது, பாவம் நீங்க. இந்த ஒரு தடவையாவது உங்க இஷ்டப்படி நடக்கட்டும். வெள்ளையே வாங்கிடுவோம். நாளைக்குக் காலையில போய்க் கையெழுத்துப் போட்டுடலாம்.”

சபதம் நிறைவேறிவிட்டது.

கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பஞ்சர் கடையில் நின்றார்.

“சரின்னுட்டா!”

“சரின்னா?”

“சரின்னா சரி! வெள்ளையே வாங்கலாம்னுட்டா!”

பஞ்சர்காரர் ஒரு டயர்மேல் உட்கார்ந்து வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். “இப்படி ஒரு ஆபத்து இருக்குன்னு எனக்குத் தெரியாதே” என்றார் கடைசியில்.

மத்தியானம் முழுக்கக் குஷன்காரர் சோபாவில் ஒரு ஆணிக்கு இரண்டு ஆணியாக அடித்தார். பிறகு தையல் மெஷின் பக்கம் மெல்ல நகர்ந்தார்.

“வெள்ளை சீக்கிரம் அழுக்காயிடும்னு சொல்றாங்க.”

“துடைக்க நீங்க இருக்கும்போது என்ன கவலை?” மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஏசி இல்லாம உனக்கு வேர்க்குமே. உனக்காகத்தான் பார்க்கிறேன்.”

“எனக்காக உங்க ஆசையை மாத்திக்கவே கூடாது. நான் விடமாட்டேன்.”

“பொண்ணு எங்கே உக்காருவா? ரெண்டே சீட்டுதானே?”

“பின்னாடி பாடியில ஒரு சோபாவைப் போட்டு வெச்சுடுவோம். நம்மகிட்ட இல்லாத சோபாவா?”

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. எந்தப் பதிலிலும் கோபம் இல்லை. அதுதான் அவரைக் கலங்கடித்தது. கோபமாக இருக்கும் மனைவியை அவருக்குத் தெரியும். விட்டுக்கொடுக்கும் மனைவி அவருக்கு முன்பின் பழக்கமில்லாதவள்.

மறுநாள் காலை ஷோரூம் கதவைத் தள்ளியதும் சேல்ஸ்மேன் பல் முழுவதும் தெரிய ஓடிவந்தார். கழுத்தில் டை, கையில் பேனா, வாயில் தேன்.

“வாங்க சார்! திங்கட்கிழமை வந்துட்டுப் போனீங்களே, அப்புறம் காணோமேன்னு நினைச்சேன்.”

“திங்கட்கிழமை நூல் வாங்கப் போறதா இல்ல சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“நூலும்... வாங்கினேன்.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நேராகப் போய் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். “வெள்ளை வண்டிக்குப் புக்கிங் ஃபாரத்தை எடுங்க தம்பி. இவருக்கு அதுமேல உசிரு” என்றாள்.

சேல்ஸ்மேன் வெள்ளை வண்டியின் பெருமையைப் பாட ஆரம்பித்தார். எடை தாங்குவதில் ராஜா, செலவில் சிக்கனம், கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. எல்லாம் நேற்று இவரே சாப்பாட்டு மேஜையில் சொன்னவை. கேட்கக் கேட்கக் குஷன்காரருக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திங்கட்கிழமை சிவப்பு நின்ற இடம் காலியாக இருந்தது. வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள்!

“இங்க ஒரு கையெழுத்து சார்.”

பேனாவை வாங்கினார். பேனா தாளைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை, பின்சீட்டில் கால் நீட்டிய மகள், பக்கத்தில் கத்தாமல் பேசும் மனைவி எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. பேனா நகர மறுத்தது.

“எனக்கு இது வேண்டாம்!” என்று கத்தினார். “எனக்குச் சிவப்புதான் வேணும்! எனக்கு வெள்ளையைக் கண்டாலே ஆகாது!”

ஷோரூமே திரும்பிப் பார்த்தது. வெள்ளை வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சங்கடப்பட்டு இறங்கிவிட்டார்.

மனைவி அவரை நிதானமாகப் பார்த்தாள்.

“அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீ வேண்டாம்பே.”

“கேட்டுப் பார்த்தீங்களா?”

குஷன்காரர் யோசித்தார். சட்டைக்கு, கண்ணாடிக்கு, சுத்தியலுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து யோசித்தார். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் மறுப்பாள் என்று தானே மறுத்துக்கொண்டு, அந்தக் குறையை அவள் தலையில் போட்டுவிட்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“எதுக்கு உங்களுக்குச் சிவப்பு?” என்றாள் அவள், கொஞ்சம் மெதுவாக.

“அதுல கதவைச் சாத்தினா சத்தமே வராது. நீ பேசுறது எனக்குக் கேக்கும்.”

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். சரிசெய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. சேல்ஸ்மேன் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

“சரி. சிவப்பே வாங்கலாம்” என்றாள். குஷன்காரர் எழுந்து நிற்கப்போனார். “உக்காருங்க. நான் இவ்வளவு விட்டுக்கொடுக்கும்போது நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் இல்லையா?”

“என்ன வேணாலும் கேளு!”

இந்த மாதிரி நேரத்தில் எந்தக் கணவனும் சொல்லக்கூடாத வார்த்தை அது.

“ஊர் சோபாவையெல்லாம் தைக்கிறீங்க. நம்ம வீட்டு சோபாவுல எட்டு வருஷமா ஸ்பிரிங் வெளியே நீட்டிட்டிருக்கு. வர்றவங்களை இடதுபக்கமா உக்காருங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அதைச் சரிபண்ணணும்.”

“பண்றேன்.”

“வாரநாள்ல சாவி என்கிட்ட இருக்கும். வாடிக்கைக்காரங்க வீடு எனக்குத்தான் தெரியும்.”

ஓட்டுநர் பள்ளியில் அவள் இவரைவிட நல்ல பெயர் எடுத்தவள். மறுத்துப் பேச இடமில்லை. “சரி” என்றார்.

“பஞ்சர் கடையில இனிமே காத்து மட்டும்தான் அடிக்கணும். யோசனை கேக்கக் கூடாது.”

குஷன்காரர் திருதிருவென்று விழித்தார். “அது உனக்கு எப்படி...”

“கம்ப்ரஸர் நின்னுடுச்சுங்க.”

மூன்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டி முடித்ததும்தான் ஒரு சந்தேகம் வந்தது. நேர்மையான தொழிலாளி அல்லவா, கேட்டுவிட்டார்.

“பாடி அஞ்சடிதானே இருக்கு. நம்ம சோபா ஆறரை அடியாச்சே. அதுக்கு என்ன பண்றது?”

“பின்கதவைக் கீழே இறக்கிவிட்டா ஆறே முக்கால் அடி வருது” என்றாள் அவள் பட்டென்று.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கண்ணால பார்த்தாத் தெரியாதா? கையெழுத்துப் போடுங்க.” சேல்ஸ்மேன் அதற்குள் சிவப்பு வண்டியின் ஃபாரத்தை முன்னால் வைத்திருந்தார்.

போட்டார். இவ்வளவு வேகமாக அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அப்புறம்தான் அந்தக் காலி இடம் ஞாபகத்துக்கு வந்தது.

“தம்பி, அந்தச் சிவப்பு வண்டி வித்துப் போச்சா? இனிமே எப்ப வரும்?”

“வண்டி பின்னாடி தயாரா நிக்குது சார்.”

“தயாராவா? புக் பண்ணினா வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும்னு அன்னைக்குச் சொன்னீங்களே?”

சேல்ஸ்மேன் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா சேல்ஸ்மேனைப் பார்த்தாள். சேல்ஸ்மேன் திடீரென்று தன் டையில் ஏதோ கறை இருப்பதைக் கண்டுபிடித்தார். குஷன்காரருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் இஷ்டப்படி ஒன்றை ஜெயித்திருக்கிறார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை நடை நடந்து பின்பக்கம் போனார். வண்டி வெயிலில் தகதகவென்று நின்றது. அதன் மூக்கை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு முன்கதவைத் திறந்தார்.

முன்சீட்டு இரண்டிலும் இளநீல நிறத்தில் கட்டம் போட்ட உறை மாட்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் போடுகிற உறை இல்லை. விளிம்பைச் சுற்றி நூல்கயிறு வைத்து, மூலையில் இரட்டை முடிச்சுப் போட்டு, உள்மடிப்பைக் கால் அங்குலம் மட்டும் விட்டுத் தைத்த உறை. உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் அப்படித் தைப்பார். அந்தக் கையை அவர் பதினாறு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்.

மெதுவாகத் திரும்பினார். மனைவி தோள்பையைத் திறந்து, அதே இளநீலக் கட்டத் துணியில் மடித்து வைத்திருந்த நீளமான உறையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“அப்படி என்ன பார்க்கிறீங்க? முன்னாடி ரெண்டும் புதன்கிழமையே வந்து மாட்டிட்டேன்; இந்தப் பின்சீட்டுதான் ஒரு ஆளால மாட்ட முடியலை, ஏறிப் பிடிங்க.”